லயிப்பு என்ற சொல் செவ்வாக்குறிச்சியில் பட்ட பாடு

ஆனி மாதம் சாரல் பிடித்து ஒன்பதாவது நாள், செவ்வாக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே சாக்கடையை அடைத்துக்கொண்டு கிடந்த வாழைச்சருகையும் பிளாஸ்டிக் பைகளையும் நீளக் கம்பியால் குத்திக் குத்தி இழுத்துக்கொண்டிருந்த துப்புரவுப் பணியாளர் பேச்சித்தாய் மேல் மட்டும் மழை விழவில்லை. டீக்கடைக் கூரைக்குள் ஒதுங்கி நின்ற பதினேழு பேரும் பார்த்தோம். எனக்கு பஸ் ஸ்டாண்டுக்குள்ளேயே குடைக்கடை, பெயர் நாகூர்மீரான், மழையைப் பற்றி நான் சொன்னால் ஊரில் நம்புவார்கள். மழை அவள் தலைக்கு ஒரு முழம் மேலே வரைக்கும் ஒழுங்காக வந்து, அங்கே வேறு ஏதோ வேலை ஞாபகம் வந்தது போல் விலகிப் போய்க்கொண்டிருந்தது. காலையில் தெருப் பெருக்கும்போது படிந்த புழுதி அவள் தலைமுடியில் அப்படியே இருந்தது. எங்கள் ஊரில் கையில் இருக்கும் டீயைக் குடித்து முடிக்காமல் எதற்கும் ஆச்சரியப்படுகிற வழக்கம் கிடையாது என்பதால் எல்லோரும் குடித்து முடித்தோம், அதற்குப் பிறகு டீக்கடை சுடலைமணிதான் வாயைத் திறந்தான்.

"ஏ பேச்சி, உம் மேல மழையே விழலையே, பாத்தியா?"

பேச்சித்தாய் நிமிர்ந்து தலையைத் தொட்டுப் பார்த்தாள். ஒன்றரை மணி நேரமாக அவள் மேல் விழாமல் பாக்கி இருந்த மழை மொத்தமும் அந்த நிமிஷத்தில் அண்டாவைக் கவிழ்த்த மாதிரி அவள் மேல் இறங்கியது. சுடலைமணியின் பரம்பரையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு அவள் சேலை மாற்ற வீட்டுக்குப் போனாள். அந்தச் சாக்கடையை அதற்குப் பிறகு எத்தனையோ தடவை குத்தியிருக்கிறாள், ஒரு தடவைகூட நனையாமல் குத்தியதில்லை.

விஷயம் பேரூராட்சி அலுவலகத்துக்குப் போனது. செயல் அலுவலர் கோப்பைப் படித்துப் பார்த்து, மேற்படி பணியாளருக்கு மழை விழாத காரணத்தால் அவருக்கு வழங்கப்பட்ட மழைக்கோட்டைத் திரும்பப் பெறலாம் என்று எழுதினார். கோட்டைப் பிடுங்கிய நாளிலிருந்து பேச்சித்தாய்க்குக் கோட்டைப் பற்றிய நினைப்பே பெரிதாகி எந்த வேலையிலும் நனைந்து, காய்ச்சலில் படுத்து, கோட்டு திரும்பி வந்தது. அதற்குள் ஊரில் இன்னும் ஆறு பேர் நனையாமல் நின்றதைக் கண்டவர்கள் வந்து சொல்லிவிட்டார்கள், இனி இதற்கு ஒரு பெயர் வேண்டும் என்று பேரூராட்சி மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள்.

சொக்கிப்போவது என்றான் சுடலைமணி. அது சாராயத்துக்கும் பொருந்தும் என்று தள்ளினார்கள். கம்பவுண்டர் ஒருவர் உடம்புச்சூடு என்றார். அப்போதுதான் என் பக்கத்து வீட்டுக்காரர் ஆவுடையப்பன் எழுந்தார். இருபத்தாறு வருஷமாகப் பட்டிமன்றம் பேசுகிறவர். மோர்க்காரியிடம் மோர் வாங்கினாலும் மேடைத் தமிழில்தான் வாங்குவார், ஒரு விஷயம் அவருக்குப் புரியவேண்டுமென்றால் முதலில் அதைப் பற்றி அவர் முக்கால் மணி நேரம் பேசியாக வேண்டும். நல்ல மனுஷன். எந்தக் கூட்டத்திலும் கடைசியில், உங்கள் அன்பில் லயித்து விடைபெறுகிறேன் என்று சொல்லித்தான் இறங்குவார்.

"இதற்குப் பெயர் லயிப்பு," என்றார் ஆவுடையப்பன். "தான் கரைந்துபோய், செய்கிற காரியம் மட்டும் மிஞ்சி நிற்பது. ஆளே இல்லாத இடத்தில் மழை யார் மேல் விழும்?"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. தீர்மானம் நிறைவேறியது. நுணலும் தன் வாயால் கெடும் என்பது அன்றைக்கு யாருக்கும் ஞாபகம் வரவில்லை, எனக்கும் வரவில்லை.

அதுவரைக்கும் லயிப்பு என்பது எங்கள் ஊரில் இனிப்புப் பூந்தி மாதிரி எல்லா விசேஷத்திலும் கிடைக்கிற சொல். கல்யாணக் கச்சேரியில் லயித்தோம் என்பார்கள், சாப்பாட்டில் லயித்தோம் என்பார்கள், மந்திரி பேச்சில் லயித்துப்போனதாக வரவேற்புக் குழுவினர் எழுதிக் கையெழுத்தே போடுவார்கள். இப்போது அந்தச் சொல்லுக்கு மேலேயிருந்து சாட்சி வந்துவிட்டது. லயித்தேன் என்று ஒருவன் சொன்னால் எதிரில் நிற்கிறவன் பதில் சொல்லாமல் அவன் தலைமுடியைப் பார்த்தான்.

சாட்சி யாருடைய முகத்தையும் பார்த்துச் சொல்லவில்லை. கோயில் புறப்பாட்டில் சாமிக்குப் பின்னால் கைகூப்பிக் கண்ணீர் விட்டவர்கள் முழுக்க நனைந்தார்கள், வண்டிச் சக்கரத்தில் சிக்கின கயிற்றின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்த ஆள் ஒருவர் காய்ந்து இருந்தார். சரி, எங்கள் பக்கம் எப்படி என்று பெருநாள் தொழுகைக்கு ஈத்கா திடலில் நின்றோம், முந்நூறு பேரும் நனைந்தோம், கடைசி வரிசையில் ஒருத்தர் மட்டும் நனையவில்லை. அவரை எல்லோரும் கட்டித் தழுவினார்கள், அவர் நேர்மையான ஆள், காலையில் காணாமல் போன தன் ஆட்டைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார். நாற்சந்தியில் போலீஸ்காரர் செல்போனில் பாட்டுப் பார்த்தபடி பொட்டுத் துளி இல்லாமல் நின்றார். சீட்டாடுகிறவர்கள் நனையவில்லை. பூட்டை உடைத்துக்கொண்டிருந்த ஒரு திருடனும் நனையவில்லை, அவனைப் பிடித்தபோது மழை தன் பாக்கியைச் சேர்த்து ஊற்றியதில் பிடித்தவர்களும் நனைந்தார்கள். லயிப்பு ஒரு நல்ல குணம் என்று நினைத்திருந்தவர்களுக்கு இதில் வருத்தம்தான்.

பெண் பார்க்கப் போகிற இடங்களில் புது வழக்கம் வந்தது. பஜ்ஜி சொஜ்ஜி முடிந்ததும் பையனையும் பெண்ணையும் முற்றத்து மழையில் எதிரெதிரே நிறுத்தி, ஒருவரில் ஒருவர் லயிக்கிறார்களா என்று இரு வீட்டாரும் கூரைக்குள் இருந்து பார்ப்பார்கள். இதற்குச் சாரல் பார்ப்பது என்று பெயர். இப்படி நாற்பது ஜோடிக்குச் சளி பிடித்தது. மேலத்தெருவில் ஒரு மாப்பிள்ளை நனையவே இல்லை என்று குலவை போட்டார்கள், அப்புறம்தான் அவன் பெண்ணைப் பார்க்கவில்லை, பெண்ணுக்குப் பின்னால் நின்ற மோட்டார் சைக்கிளைப் பார்த்தான் என்பது தெரிந்து கல்யாணம் நின்றது. எனக்கு அந்த ஆனியிலும் ஆடியிலும் வியாபாரம் படுத்துவிட்டது. குடை பிடித்துப் போகிறவன் எதையோ மறைக்கிறான் என்று ஊர் பேச ஆரம்பித்திருந்தது.

போகப்போக ஜனங்கள் ஒரு கணக்கைக் கண்டுபிடித்தார்கள். நனையாமல் இருக்கவேண்டும் என்று நினைக்கிறவன் நனைவான். நனையாமல் இருக்கிறவனுக்கு அது தெரியாது. யாராவது சொல்லிவிட்டால் உடனே நனைவான், அதோடு விடாது, எந்த வேலையில் இருந்தபோது சொன்னார்களோ அந்த வேலையில் அவனுக்கு ஆயுசுக்கும் மறுபடி லயிப்பு கிடையாது. இதில் எனக்கு அனுபவம் உண்டு. கடை வாசலில் உட்கார்ந்து ஒரு குடைக்குக் கம்பி மாட்டிக்கொண்டிருந்தபோது என் மனைவி மும்தாஜ் சாப்பாட்டுத் தூக்கோடு வந்தவள், சந்தோஷத்தில், நீங்க நனையலியே என்று சொல்லிவிட்டாள். இருபது வருஷமாகக் கம்பி மாட்டியிருக்கிறேன். இப்போதும் மாட்டுகிறேன், ஆனால் கம்பி மாட்டுகிற மீரானைப் பார்த்துக்கொண்டே மாட்டுகிறேன். கை அதே கைதான், வேலை முன்பு போல் இல்லை. மும்தாஜ் அதற்காக இரண்டு நாள் அழுதாள்.

இப்படி வீட்டுக்கு வீடு ஒன்று நடந்ததும் ஊர் மரியாதை கற்றுக்கொண்டது. நனையாத ஆளைக் கண்டால் குரலைத் தாழ்த்திக்கொண்டு வேறு பக்கம் பார்த்தபடி இரண்டு எட்டு தள்ளிப் போய்விடுவார்கள். சுடலைமணியே டீ ஆற்றுகிற சத்தத்தைக் குறைத்தான். லயிப்பு என்ற சொல்லையும் யாரும் வாயில் வைப்பதில்லை. மெய்யாகவே ஒருவன் லயித்திருந்தால் சொல்லக்கூடாது, லயிக்காதவனைப் பற்றிச் சொன்னால் பொய், பிறகு எப்போதுதான் சொல்வது? கல்யாணப் பத்திரிகை, நன்றியுரை, இரங்கல் கூட்டம் எல்லாவற்றிலிருந்தும் அது கழன்றுபோய், கவனமாகக் கேட்டோம், வயிறாரச் சாப்பிட்டோம் என்று ஆனது.

ஊரில் அந்தச் சொல்லை விடமுடியாதவர் ஒருவர்தான் இருந்தார். ஊருக்குக் கொடுத்தவரே அவர்தானே. பேச்சித்தாயிலிருந்து திருடன் வரைக்கும் ஊரில் ஒவ்வொருவரும் ஒரு தடவையாவது நனையாமல் நின்று அதை யாரோ ஒருவர் பார்த்திருக்க, ஆவுடையப்பன் நனையாமல் நின்றதாகச் சொல்ல ஒரு ஆள் இல்லை. ஆடிக் கடைசியில் சாரல் விழா. 'லயிப்பே வாழ்வு' என்ற தலைப்பில் அவர் பேசுவதாக நோட்டீஸ் அடித்தாயிற்று, பந்தல் போடக்கூடாது என்று ஜனங்கள் சொல்லிவிட்டார்கள். மூன்று வாரம் அவர் வீட்டுக் கொல்லையில் மழையில் நின்று ஒத்திகை பார்த்தார். உப்பை விட்டார், மொட்டை போட்டார், மலையடிவாரப் பாறையில் போய்க் கண்ணை மூடி உட்கார்ந்தார். எனக்கும் அவருக்கும் நடுவில் நெஞ்சு உயரத்துக்கு ஒரு மதில்தான். தினமும் அவர் நனைந்து வருவதையும், அவர் மனைவி சங்கரவடிவு துண்டோடு நிற்பதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையாக ஒரு நல்ல குடை தரட்டுமா என்று கேட்டேன், அவர் சிரிக்கவில்லை.

விழாவன்று நானூறு பேர் உட்கார்ந்திருந்தோம். முதல் வாக்கியம் முடிவதற்குள் ஜிப்பா அவர் உடம்போடு ஒட்டிக்கொண்டது. நாங்களும் நனைந்தோம். ஒரு மணி நேரம் பேசினார், ஒருவரும் எழுந்து போகவில்லை, அத்தனை பேருக்கும் அவர் மேல் பிரியம். ஆனால் மேடையின் ஓரத்தில் மைக்செட் ஆள் ஒருத்தன் அறுந்த ஒயரைத் திருகித் திருகிச் சேர்த்துக்கொண்டிருந்தான், அவன் மேல் ஒரு துளி இல்லை. நானூறு பேரும் மரியாதையாக வேறு பக்கம் பார்த்தோம். நானூறு தலை ஒரே நேரத்தில் திரும்பினால் பேசுகிறவருக்குத் தெரியாதா? ஆவுடையப்பனும் திரும்பி அவனைப் பார்த்தார். ஆகவே அன்பர்களே என்று ஆரம்பித்த வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டு இறங்கி நடந்து போனார்.

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. ஒத்துக்கொண்ட மூன்று ஊர்களுக்கும் வரமுடியாது என்று எழுதிவிட்டார். இருபத்தாறு வருஷமாகப் பொய் சொல்லியிருக்கிறேன் என்று ஒரு தடவை வடிவிடம் சொன்னாராம், அவ்வளவுதான். காலையில் எழுந்து இரண்டு இட்லி தின்றுவிட்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்தால் மத்தியானம் வரை அதே சுவர்தான். ஐம்பத்திநாலு வயசு மனுஷன் பத்து நாளில் எழுபதாகிவிட்டார். நான் அவரைக் கேலி செய்யாத நாள் கிடையாது, ஆனால் அந்தக் குரல் மதிலைத் தாண்டி வராமல் போனதில் என் வீட்டுக்கே பேச்சு வற்றிப்போயிற்று. எனக்குத் தாங்கவில்லை.

ஆவணி பிறந்த மறுநாள் சாயங்காலம், கை கழுவக் கொல்லைப் பக்கம் போனவன் மதிலுக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். ஆவுடையப்பன் துவைகல்லில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். காம்பின் அடியைப் பிடித்து விரலிடுக்கில் ஒரு இழு, இலை முறத்தில் விழும். பழுத்ததைக் கிள்ளி எறிவார், நடுவில் தங்கின ஈர்க்கைப் பொறுக்குவார், அடுத்த காம்பை எடுப்பார். சாரல் சடசடவென்று இறங்கிக்கொண்டிருந்தது. அவர் மொட்டைத் தலையில் ஒரு துளி இல்லை, முறத்தில் ஒரு துளி இல்லை, உட்கார்ந்திருந்த கல்கூட வெள்ளையாகக் காய்ந்திருந்தது.

அண்ணே என்று கத்தத்தான் வாயைத் திறந்தேன். அடுக்களை வாசலில் நின்ற வடிவு என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள். நான் கையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

மறுநாள் அவள் கம்பி ஒடிந்த குடை ஒன்றை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தாள். குடையை வாங்கி வைத்துவிட்டு, எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்டேன். சாரல் பிடித்த மூன்றாம் நாளிலிருந்து என்றாள். நான் விரலை விட்டு எண்ணினேன், பேச்சித்தாய் ஒன்பதாம் நாள். ஊரில் முதன்முதலில் நனையாமல் இருந்தவரே அவர்தான், வாரத்துக்கு இரண்டு தடவை கீரை உருவும்போதெல்லாம் அப்படித்தான் இருக்கிறார், அது அவருக்கே தெரியாது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு வார்த்தை சொன்னால் மனுஷன் பிழைத்து எழுந்துவிடுவார், புருஷனைச் சாகவிட்டுப் பார்க்கிறாயா என்று கேட்டேன்.

"சொன்னா ஒரு நாளு சந்தோசப்படுவாவ அண்ணே," என்றாள் வடிவு. "மறுநாளே அதை மேடையில பேசிருவாவ. அதோட முடிஞ்சி போவும். அவுக வாயி போவாத எடம்னு இருக்கது அது ஒண்ணுதான்."

அப்படியானால் இப்படியே தன்னைப் பொய்யன் என்று நினைத்துக்கொண்டு இருக்கட்டுமா என்று கேட்டேன்.  அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது, துடைத்துக்கொள்ளவும் இல்லை, அப்படியே மழையில் இறங்கிப் போனாள். நன்றாக நனைந்துதான் போனாள்.

அன்றைக்கே குடையைச் சரி செய்துவிட்டேன். சாயங்காலம் அதைக் கொடுக்கக் கொல்லைப் பக்கம் மதிலுக்குப் போனபோது ஆவுடையப்பன் கொல்லை மழையில் சும்மா நின்றுகொண்டிருந்தார். வடிவு துண்டை நீட்டிக்கொண்டிருந்தாள். அவர் வாங்கவில்லை. பத்து நாள் கழித்து அவர் வாயைத் திறந்தார், நான் ஆயுசில் கேட்டிராத சாதாரணப் பேச்சு அவர் வாயிலிருந்து வந்தது.

"வடிவு, நீ பொய் சொல்ல மாட்ட. என்னைக்காவது ஒரு நாளு, ஒரு நிமிசம், நான் நனையாம இருந்து நீ பாத்திருக்கியா?"

அவள் அவரைப் பார்த்தாள். முப்பது வருஷக் குடித்தனத்தில் அவள் அவரிடம் பொய் சொன்னதில்லை என்பது தெருவுக்கே தெரியும், அதனால்தான் அவர் கேட்கிறார். ஆமாம் என்று சொல்லிவிடு தாயே என்று நான் மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன், சொல்லிவிடாதே என்றும் நின்றேன்.

"இல்ல," என்றாள் வடிவு.

ஆவுடையப்பன் தலையை ஆட்டினார். அப்ப செரி என்றார். துவைகல்லில் உட்கார்ந்து அழுதார். மேடையில் அவர் அழுது பார்த்திருக்கிறேன், அது வேறு, அதில் குரல் அழகாகத் தழுதழுக்கும். இது மூக்கு ஒழுக, தோள் குலுங்க, சின்னப்பிள்ளை மாதிரி அழுகை. அவள் பக்கத்தில் போய்த் தொடவில்லை. அழுது முடியட்டும் என்று காத்திருந்தாள். பிறகு முருங்கை மரத்திலிருந்து ஒரு கொப்பை ஒடித்து, முறத்தையும் கொண்டுவந்து அவர் காலடியில் வைத்தாள்.

"நாளைக்கு அடைக்கு வேணும். உருவித் தாங்க."

 அவர் முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு ஒரு காம்பை எடுத்தார். மழை அவர் மேல் பெய்துகொண்டிருந்தது. இலை விரலில் ஒட்டியது, உதறினார். இன்னொரு காம்பு. மூக்கை உறிஞ்சினார். நாலாவது காம்பில் பழுத்த இலைகளைக் கிள்ள ஆரம்பித்தார். ஆறாவதோ ஏழாவதோ காம்பை எடுத்து, அடியைப் பிடித்து இழுத்தபோது, மழை அவருக்கு ஒரு முழம் மேலே வரைக்கும் வந்து, விலகிப் போனது.

வடிவு உள்ளே போகவில்லை. துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் விரலையும் காம்பையும் பார்த்தபடி திறந்த வெளியில் அவருக்கு எதிரே நின்றுகொண்டிருந்தாள். கொஞ்சம் கழித்துத்தான் கவனித்தேன், அவள் வகிட்டில் ஈரம் இல்லை. தோளில் இல்லை. அவள் கையில் இருந்த துண்டு காற்றில் படபடத்தது, அவ்வளவு காய்ந்திருந்தது. அவளுக்கு அது தெரியாது.

சாரல் வலுத்தது. அந்த இடத்தில் இருந்த மூன்று பேரில் நனைந்துகொண்டிருந்தது நான் மட்டும்தான். என் கையில் இருந்தது பட்டன் குடை, அழுத்தினால் படார் என்று சத்தம் போட்டு விரியும். விரிக்காமல் நின்றேன்.